கம்பெனியில் இரண்டு வாட்ஸ்அப் குழு

போன மாதம் பாகூர் பக்கத்துக் காலனி ஒன்றில் மாலைப் படிப்பு வட்டம் முடிந்து எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். கம்பெனி வேலைக்குப் போகும் ஒரு தங்கை தன் செல்போனை எடுத்துக் காட்டினார். அவர் வேலை செய்யும் பிரிவின் வாட்ஸ்அப் குழு. அதில் அவருடைய படம். கீழே 'இந்த மாதத்தின் சிறந்த தொழிலாளி' என்று எழுதிப் பூங்கொத்தும் கைதட்டலும் போட்டிருந்தார்கள். மேனேஜர் முதல் லைன் லீடர் வரை வாழ்த்துச் சொல்லியிருந்தார்கள். எங்களுக்குச் சந்தோஷம். கை கொடுத்தோம்.

அவர் முகத்தில் அந்தச் சந்தோஷம் இல்லை. என்னம்மா என்று கேட்டபோது சொன்னார்: "அண்ணா, இது கம்பெனி குரூப். எங்க லைன்ல இன்னொரு குரூப் இருக்கு. அதுல காலனிப் பொண்ணுங்க நாலு பேரையும் சேர்க்கல. ஓ.டி. யாருக்கு, யாரு யாரோட ஷிஃப்ட் மாத்திக்கிறாங்க, புதுசா ஆள் எடுக்கிறாங்களா, எல்லாம் அதுலதான் பேசிக்கிறாங்க. நாங்க மறுநாள் போய்த்தான் தெரிஞ்சுக்கிறோம்."

அந்த இரண்டாவது குழு எப்படி வந்தது என்றும் சொன்னார். கூட வேலை செய்யும் ஒரு பெண்ணின் வீட்டில் மஞ்சள் நீராட்டு விழா. பத்திரிகையை எல்லோருக்கும் அனுப்ப ஒரு குழு தொடங்கினார்கள். காலனிக்காரர்களை அழைத்தால் வீட்டில் எங்கே உட்கார வைப்பது, எப்படிச் சாப்பாடு போடுவது என்ற பிரச்சினை. அதனால் நாலு பேரை விட்டுவிட்டார்கள். விழா முடிந்துவிட்டது. குழு முடியவில்லை.

டீக்கடையில் நமக்குத் தனிக் குவளை வைத்திருந்த கதையை நம் அப்பா, தாத்தாவிடம் கேட்டிருக்கிறோம். இப்போது குவளை ஒன்றுதான். குழு இரண்டு.

தங்கையின் பெயரும் கம்பெனியின் பெயரும் இங்கே வேண்டாம். சேதராப்பட்டிலிருந்து கிருமாம்பாக்கம் வரை தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போகும் நம் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். வேறு வேறு வடிவத்தில் இதே கதையைச் சொல்வார்கள்.

கேக்கை நாம் குறைத்துப் பேசவில்லை

இப்போது கம்பெனிகளில் 'ஈடுபாடு' என்ற சொல் அதிகம் புழங்குகிறது. ஆள் வேலைக்கு வந்தால் போதாது, மனசும் வரவேண்டும் என்பது எச்.ஆர். கணக்கு. அதற்காகப் பிறந்தநாளுக்குக் கேக் வெட்டுகிறார்கள். சிறந்த தொழிலாளியின் படத்தைச் சுவரில் மாட்டுகிறார்கள். பொங்கலுக்குக் கோலப்போட்டி, மகளிர் தினத்துக்குப் பாட்டுப்போட்டி, வருஷத்துக்கொருமுறை சுற்றுலா. 'நாம் எல்லோரும் ஒரே குடும்பம்' என்று போர்டு. எல்லாவற்றையும் படம் எடுத்துப் போட ஒரு வாட்ஸ்அப் குழு.

இதெல்லாம் வெறும் ஏமாற்று என்று சொல்லி ஒதுக்க நமக்கு மனமில்லை. ஒன்றை யோசியுங்கள். நம் வீட்டில் ஒரு வாய் தண்ணீர் வாங்கிக் குடிக்காத ஊர்த்தெருக்காரரின் மகள், நம் தங்கை வெட்டிய கேக்கை அவர் கையாலேயே வாங்கித் தின்கிறாள். 1927-இல் மகாத்தில் ஒரு பொதுக்குளத்துத் தண்ணீரை அள்ளிக் குடிக்க அண்ணல் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானோரைத் திரட்டிக்கொண்டு போக வேண்டியிருந்தது. குடித்துவிட்டுத் திரும்பியவர்களை அடித்து நொறுக்கினார்கள். சேர்ந்து தின்பதும் குடிப்பதும் இந்த நாட்டில் சின்ன விஷயம் இல்லை. கேக் வாங்கி வரச் சொன்ன எச்.ஆர். மேடத்துக்கு அதன் கனம் தெரியாது. நமக்குத் தெரியும்.

ஒரே பஸ், ஒரே யூனிஃபார்ம், ஒரே கேன்டீன் வரிசை. வில்லியனூர், பாகூர் கொம்யூன்களின் பல கிராமங்களில் இன்றும் கிடைக்காத ஒன்று கம்பெனி கேட்டுக்குள் கிடைக்கிறது. கிராமத்தை விட்டு வெளியே வாருங்கள் என்று அண்ணல் ஏன் சொன்னார் என்பதை இந்த வரிசையில் தட்டோடு நிற்கும்போது நம் பிள்ளைகள் உணர்கிறார்கள்.

அப்படியென்றால் பிரச்சினை எங்கே? கேக்கைப் பங்கு வைத்த கம்பெனி, ஓ.டி.யை யார் பங்கு வைப்பது என்பதை வழக்கத்திடம் விட்டுவிட்டது. அந்த வழக்கம் ஊரிலிருந்து வருகிறது.

வழக்கத்தை யார் போடுகிறார்கள்?

மேலாண்மைப் படிப்பு படிக்கும் தோழர்களுக்கு ஹாத்தார்ன் ஆய்வு தெரிந்திருக்கும். அமெரிக்காவில் சிகாகோ பக்கத்தில் இருந்த வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் கம்பெனியின் ஆலை அது. 1920-களிலும் 30-களின் தொடக்கத்திலும் அங்கே பல சோதனைகள் நடத்தினார்கள். அதில் ஒன்று, 1931–32-இல் 14 ஆண் தொழிலாளர்களைத் தனி அறையில் வைத்து அவர்கள் வேலை செய்வதைக் கவனித்தது. கூடுதலாகச் செய்தால் கூடுதல் கூலி என்பது கம்பெனியின் திட்டம். தொழிலாளர்களோ ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று தங்களுக்குள் ஓர் அளவு வைத்திருந்தார்கள். அதற்கு மேல் செய்பவனைக் கேலி செய்தார்கள், கையில் குத்தினார்கள். ரொம்பக் குறைவாகச் செய்து மற்றவர் தலையில் சுமத்துபவனுக்கும் அதே மரியாதைதான். கம்பெனி போட்ட கணக்கு தோற்றது. கூட்டாளிகள் போட்ட கணக்கு நின்றது.

வேலையிடத்தில் சுவரில் ஒட்டிய விதியைவிடக் கூட இருப்பவர்களின் வழக்கம் பலமானது. இன்றைய எச்.ஆர். வித்தைகள் பலவும் இந்தப் பாடத்திலிருந்து வந்தவைதான். ஆனால் இந்தப் பாடம் இந்தியாவுக்கு வரும்போது ஒரு கேள்வி கூடவே வரவேண்டும். கூட்டாளிகள் என்றால் யார்? அவர்களுக்குள் ஊர் எது, சேரி எது?

இதற்குப் பம்பாய்ப் பஞ்சாலைகளில் பதில் இருக்கிறது. அங்கே நெசவுப் பிரிவில்தான் கூலி அதிகம். தறியில் புதுக் குழல் மாட்டும்போதெல்லாம் நூல் முனையை நாடாவின் துளை வழியே வாயால் உறிஞ்சி இழுக்க வேண்டும். எச்சில் பட்டுவிடும் என்று சொல்லித் தீண்டத்தகாதவர்கள் என்று ஒதுக்கப்பட்டோரை அந்தப் பிரிவுக்குள் விடவில்லை. முதலாளி எழுதிய விதி இல்லை இது. சக தொழிலாளர்களின் வழக்கம். முதலாளி அதைக் கண்டும் காணாமல் இருந்துகொண்டார். 1928-இல் பம்பாயில் மாபெரும் வேலைநிறுத்தம் நடந்தபோது, இந்தத் தடையை நீக்குவதையும் கோரிக்கையாகச் சேருங்கள் என்று அம்பேத்கர் வற்புறுத்தினார். 1938 பிப்ரவரியில் மன்மாட்டில் ரயில்வேயின் ஒடுக்கப்பட்ட தொழிலாளர் மாநாட்டில் பேசும்போது, இந்த நாட்டுத் தொழிலாளிக்கு இரண்டு எதிரிகள் உண்டு, ஒன்று பார்ப்பனியம், மற்றொன்று முதலாளித்துவம் என்றார். அந்த இரண்டில் ஒன்றை மட்டும் பேசிய சங்கங்களுக்கு அது பிடிக்கவில்லை.

நம் பக்கத்தில் நடந்ததும் உண்டு. 1921-இல் சென்னைப் பெரம்பூர் பின்னி ஆலைகளில் மாதக்கணக்கில் வேலைநிறுத்தம் நடந்தது. ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் அதில் கடைசிவரை நிற்கவில்லை. புளியந்தோப்பில் கலவரம் மூண்டது. குடிசைகள் எரிந்தன. உயிர்கள் போயின. துரோகிகள் என்று ஒரு தரப்பு திட்டியது. வேலைநிறுத்தம் தோற்றால் சாதி இந்துத் தொழிலாளிக்குத் திரும்பிப் போக ஊரும் நிலமும் உறவும் இருந்தன, நமக்கு என்ன இருந்தது என்று இன்னொரு தரப்பு கேட்டது. தன் கூட்டத்துக்குள் இருக்கும் சாதியை ஒரு சங்கம் பேசாமல் விட்டால், நெருக்கடி நேரத்தில் அந்தச் சாதிதான் சங்கத்தை உடைக்கும்.

கேட்டைத் தாண்டி வரும் ஊர்

ஊரின் வழக்கம் கம்பெனிக்குள் எந்த வழியாக வருகிறது என்று நாங்கள் பலரிடம் பேசிப் பார்த்ததில் நான்கு வாசல்கள் தெரிகின்றன.

முதல் வாசல், ஆள் எடுக்கும் இடம். பாதி வேலைக்கு விளம்பரமே கிடையாது. 'தெரிந்த பையன் இருந்தால் கூட்டிட்டு வா' என்று சூப்பர்வைசர் சொல்வார். அவருக்குத் தெரிந்த பையன் அவர் தெருவில்தான் இருப்பான். விளம்பரம் கொடுத்து எடுக்கும் இடத்திலும் நிலைமை மேலில்லை. சுகதேவ் தோரட்டும் பால் அட்டுவெல்லும் 2007-இல் வெளியிட்ட ஆய்வை இளைஞர்கள் தேடிப் படிக்க வேண்டும். நாளிதழ்களில் வந்த 548 வேலை விளம்பரங்களுக்கு 4,808 விண்ணப்பங்களை அனுப்பினார்கள். படிப்பு, தகுதி எல்லாம் சமம். பெயர் மட்டும் வேறு. தலித் என்று தெரியும் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பு, உயர்சாதிப் பெயருக்கு இருந்ததில் மூன்றில் இரண்டு பங்குதான். முஸ்லிம் பெயருக்கு மூன்றில் ஒரு பங்கு. அதே ஆண்டு வெளியான இன்னோர் ஆய்வுக்காகச் சுரிந்தர் ஜோத்காவும் கேத்தரின் நியூமனும் டெல்லிப் பகுதி எச்.ஆர். மேலாளர்களிடம் பேசினார்கள். நாங்கள் திறமையைத்தான் பார்ப்போம் என்று சொன்னவர்களே, 'குடும்பப் பின்னணி'யையும் கேட்போம் என்றார்கள். குடும்பப் பின்னணி என்பதைத்தான் நம் ஊரில் 'எந்தத் தெரு?' என்று கேட்கிறார்கள்.

இரண்டாவது வாசல், வேலைப் பங்கீடு. ஒரே நாளில் ஒரே கான்ட்ராக்ட்காரர் மூலம் சேர்ந்த பத்துப் பேரில் யார் மெஷினுக்குப் போகிறார், யார் துடைப்பத்துக்கும் கழிவுநீர்த் தொட்டிக்கும் போகிறார் என்று பாருங்கள். விதிப் புத்தகத்தில் எங்கேயும் அப்படி எழுதியிருக்காது.

மூன்றாவது வாசல், லீவு. ஊர்க்கோயில் திருவிழா என்றால் லைனே காலியாகும், கம்பெனியும் அனுசரித்துக்கொள்ளும். காலனியில் ஒரு சாவு என்று நம் பையன் கேட்டால் 'உங்களுக்கு எப்பப் பார்த்தாலும் ஏதாவது ஒண்ணு' என்ற பேச்சு வரும்.

நான்காவது வாசல்தான் அந்த இரண்டாவது குழு. இது சின்ன மனத்தாங்கல் இல்லை. ஓ.டி. என்பது வீட்டுக்கு வரும் காசு. மாதத்தில் நாலு ஓ.டி. தவறினால் குழந்தையின் பள்ளிக்கட்டணம் தள்ளிப்போகும். காலியிடம் பற்றிய செய்தி என்பது தம்பிக்கு வேலை. 2011 கணக்கெடுப்பின்படி புதுச்சேரியில் நாம் 15.7 விழுக்காடு. அரசு வேலையில் இடஒதுக்கீடு உண்டு. தனியார் கம்பெனியில் கிடையாது. அங்கே நம்மை உள்ளே விடுவதும் வெளியே நிறுத்துவதும் இந்த வழக்கங்கள்தான்.

பார்க்கும் கருவி, பேசும் கருவி

இதற்குத் தொழில்நுட்பம் தீர்வு என்று சிலர் சொல்கிறார்கள். அந்தத் தொழில்நுட்பம் யார் கையில் இருக்கிறது என்பதுதான் கேள்வி. சண்டிகர், நாக்பூர் போன்ற நகரங்களில் துப்புரவுத் தொழிலாளர்கள் கையில் ஜி.பி.எஸ். கடிகாரம் கட்டினார்கள். எங்கே நிற்கிறார், எவ்வளவு நேரம் நிற்கிறார் என்று அலுவலகத்தில் இருந்துகொண்டே பார்க்கலாம். சண்டிகர்த் தொழிலாளர்கள் அதை அடிமைச் சங்கிலி என்று சொல்லிப் போராடினார்கள். நூறு நாள் வேலையில் 2023 ஜனவரி முதல் செல்போன் செயலியில் நாளுக்கு இருமுறை படம் எடுத்து வருகைப் பதிவு செய்வது கட்டாயமானது. சிக்னல் கிடைக்காத ஏரிக்கரையில் படம் ஏறவில்லை என்றால் அன்றைய கூலிக்கு யார் பொறுப்பு?

இவையெல்லாம் தொழிலாளியைப் பார்க்கும் கருவிகள். தொழிலாளி பேசுவதற்கு அவற்றில் இடமில்லை. கம்பெனியின் வாட்ஸ்அப் குழுவையும் இதே கண்ணோடு பாருங்கள். பல குழுக்களில் அட்மின் மட்டும்தான் செய்தி போட முடியும். நாம் கட்டைவிரல் தூக்கலாம், அவ்வளவுதான். ஈடுபாடு வேண்டும் என்கிறவர்கள், வாயை மூடிக்கொண்டு ஈடுபடச் சொல்கிறார்கள்.

திண்டுக்கல்லில் நடந்தது

பேசும் கருவி எப்படி இருக்கும் என்பதற்கு நமக்குப் பக்கத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. ஒரு சாவிலிருந்து பிறந்தது அது.

2021 ஜனவரியில் திண்டுக்கல் மாவட்டத்தில் ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் நிறுவனத்தின் நாச்சி அப்பேரல் ஆலையில் வேலை செய்த 20 வயது தலித் பெண் ஒருவர் கொலை செய்யப்பட்டார். அவருடைய சூப்பர்வைசர் கைதானார். அந்த ஆலையின் துணி வெளிநாட்டுப் பெரிய பிராண்டுகளுக்குப் போனது. பிராண்டுகளிடம் நன்னடத்தை விதிகள் இருந்தன. ஆய்வுக்கு ஆட்கள் வந்து போய்க்கொண்டிருந்தார்கள். சுவரில் போர்டு இருந்திருக்கும். அந்தப் பெண்ணைக் காப்பாற்ற எதுவும் உதவவில்லை.

தலித் பெண்கள் தலைமையில் இயங்கும் தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் அந்தக் குடும்பத்தோடு நின்றது. ஆசிய அளவிலும் உலக அளவிலும் உள்ள தொழிலாளர் அமைப்புகள் துணைக்கு வந்தன. ஓராண்டுக்கு மேல் போராடி 2022 ஏப்ரலில் திண்டுக்கல் ஒப்பந்தம் கையெழுத்தானது. ஈஸ்ட்மேன் நிறுவனம் கையெழுத்திட்டது. எச் அண்ட் எம், கேப், பி.வி.எச். ஆகிய பிராண்டுகளும் அடுத்தடுத்துச் சேர்ந்தன. சுமார் 5,000 தொழிலாளர்கள் அதன் கீழ் வந்தார்கள். பெரும்பாலோர் பெண்கள்.

அதில் மூன்று விஷயங்களை இளைஞர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். ஒன்று, பாலியல் வன்முறையோடு சாதிப் பாகுபாடும் அதில் பெயர் சொல்லி எழுதப்பட்டது. 'எல்லோரும் சமம்' என்று பொதுவாகச் சொல்லி நழுவவில்லை. இரண்டு, வேலைத்தளத்திலேயே சுமார் 25 பேருக்கு ஒருவர் என்று தொழிலாளர்களிலிருந்தே கண்காணிப்பாளர்களைத் தேர்ந்து பயிற்சி கொடுத்தார்கள். சூப்பர்வைசர் கத்தினால், கை வைத்தால், சாதியைச் சொன்னால் பக்கத்து மெஷினில் இருக்கும் அக்காவிடமே சொல்லலாம். அந்த அக்காவைப் பழிவாங்க முடியாது. மூன்று, கம்பெனி மீறினால் பிராண்டு அதன் வியாபாரத்தில் கை வைக்க வேண்டும் என்ற கட்டாயம். முதல் ஆண்டிலேயே நூற்றுக்கும் மேற்பட்ட புகார்கள் வந்தன. பெரும்பாலானவை தீர்க்கப்பட்டன.

புகார் அதிகம் வந்தது தோல்வி என்று ஒரு எச்.ஆர். சொல்லக்கூடும். நாங்கள் அதை வெற்றி என்போம். வாயைத் திறந்தால் வேலை போகும் என்பது பழைய வழக்கம். சொன்னால் நடக்கும் என்பது புது வழக்கம். புது வழக்கம் கேக் வெட்டி வரவில்லை. எழுத்தும், ஆளும், மீறினால் தண்டனையும் சேர்ந்து கொண்டுவந்தன.

நம் மண்ணின் கணக்கு

புதுச்சேரிக்கு இது புதிது கிடையாது. 1936 ஜூலை 30 அன்று சவானா மில் வாசலில் பிரெஞ்சு அரசின் படை சுட்டதில் 12 தொழிலாளர்கள் உயிர் இழந்தார்கள். வ.சுப்பையாவும் தோழர்களும் நடத்திய அந்தப் போராட்டத்தின் பலனாக 1937-இல் 8 மணி நேர வேலைச் சட்டம் இங்கே வந்தது. ஆசியாவிலேயே முதல் என்று நம் தொழிற்சங்கத் தோழர்கள் பெருமையோடு சொல்வார்கள். அந்தப் பெருமையில் நமக்கும் பங்குண்டு.

ஆனால் மில்கள் மூடிவிட்டன. ஏ.எஃப்.டி. மில்லும் 2020-இல் மூடப்பட்டது. தொழிற்பேட்டையில் சங்கம் பலவீனம். கான்ட்ராக்ட் தொழிலாளிக்குச் சங்கமே எட்டாத தூரம். இருக்கும் சங்கத்திடம் சாதியைப் பேசினால் 'தோழர், தொழிலாளர் ஒற்றுமை குலையும்' என்கிறார்கள். ஒற்றுமையைக் குலைத்தது நாலு பேரை விட்டுவிட்டுக் குழு தொடங்கியவர்களா, அதைச் சொல்லிக் காட்டிய நாமா?

என்ன செய்யலாம்?

முதலில், அவரவர் கம்பெனியில் ஓ.டி., ஷிஃப்ட் மாற்றம், காலியிடம் ஆகிய மூன்றும் அறிவிப்புப் பலகையிலோ எல்லோரும் இருக்கும் ஒரே குழுவிலோ மட்டும்தான் அறிவிக்கப்பட வேண்டும் என்று கேளுங்கள். மஞ்சள் நீராட்டுக்கு யாரை அழைப்பது என்று நாம் அவர்களுக்குச் சொல்ல முடியாது. ஆனால் ஓ.டி. என்பது யார் வீட்டு விசேஷமும் இல்லை. சாதியைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமலே இந்தக் கோரிக்கையை வைக்கலாம், ஊர்த்தெருவில் ஓரங்கட்டப்பட்டவர்களும் கூட நிற்பார்கள்.

இரண்டாவது, சட்டப்படியான குழுக்களைத் தேடிப் பிடியுங்கள். 100 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் தொழிலாளரும் நிர்வாகமும் சம அளவில் இருக்கும் வேலைக்குழு அமைக்க 1947 தொழில் தகராறு சட்டமே வழி செய்தது. 20 பேர் இருந்தால் குறைதீர்க்கும் குழு. புதிய தொழிலுறவுச் சட்டத் தொகுப்பிலும் இரண்டும் இருக்கின்றன. 10 பேர் இருந்தாலே 2013 சட்டப்படி பாலியல் தொல்லைப் புகாருக்கான உள்குழு கட்டாயம். அதில் வெளியிலிருந்து ஓர் உறுப்பினர் இருக்க வேண்டும். நம் இயக்கப் பெண்களும் வழக்கறிஞர் தோழர்களும் அந்த இடத்துக்கு ஏன் முயலக்கூடாது? ஒரு குறையையும் சொல்ல வேண்டும். இந்தக் குழுக்களில் பெண்களுக்கு இடம் எழுதியிருக்கிறது, தலித் தொழிலாளிக்கு எழுதவில்லை. அதை எழுத வைப்பது நம் தலைமுறையின் வேலை.

மூன்றாவது, கம்பெனி விதியில் 'சாதி' என்ற சொல் இடம்பெற வேண்டும். ஆப்பிள் நிறுவனம் அமெரிக்காவில் தன் நடத்தை விதியில் சாதியைச் சேர்த்தது 2022-இல் செய்தியாக வெளிவந்தது. 2023 பிப்ரவரியில் சியாட்டில் நகரம் சாதிப் பாகுபாட்டைச் சட்டப்படி தடை செய்தது. கடல் கடந்து போன சாதிக்கு அங்கே விதி எழுதுகிறார்கள். சாதி பிறந்த ஊரில் இருக்கும் கம்பெனி எழுதத் தயங்குவது ஏன்?

நான்காவது, குறித்து வையுங்கள். தேதி, நேரம், சொன்ன சொல், அருகில் இருந்தவர். செல்போனில் வந்ததென்றால் திரைப்பதிவு. 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி சமூகப் புறக்கணிப்பும் பொருளாதாரப் புறக்கணிப்பும் குற்றம். எல்லாவற்றுக்கும் வழக்குப் போடச் சொல்லவில்லை. குறிப்பு கையில் இருந்தால், பேசும்போது நம் குரல் நடுங்காது.

ஐந்தாவது, கொண்டாட்டத்தையும் நம் கையில் எடுப்போம். ஆயுத பூஜைக்கு மெஷினுக்குச் சந்தனம் வைக்கும் கம்பெனியில் ஏப்ரல் 14 அன்று அண்ணலுக்கு ஒரு மாலை போடக் கேளுங்கள். தொழிலாளர் துறைப் பொறுப்பில் இருந்து வேலை நேரத்துக்கும் பிரசவகால உதவிக்கும் பாடுபட்டவர் அவர். எல்லாத் தொழிலாளிக்கும் சொந்தக்காரர். அன்று இனிப்பு நம் செலவு. யார் வாங்குகிறார்கள், யார் வாங்கி மேஜையிலேயே வைத்துவிட்டுப் போகிறார்கள் என்று அன்றைக்கே தெரிந்துவிடும். மறுவருஷமும் கொடுங்கள்.

மூன்றாவது குழு வேண்டாமா?

அன்று படிப்பு வட்டத்தில் ஒரு தம்பி கேட்டான்: "அவங்க நம்மளைச் சேர்க்கலன்னா நாமளும் தனியா ஒரு குரூப் தொடங்கிட்டாப் போச்சு, என்னண்ணா?"

தொடங்கலாம். தைரியம் சொல்லிக்கொள்ள, சட்டம் தெரிந்துகொள்ள, ராத்திரி ஷிஃப்ட் முடிந்து தனியாக வரும் தங்கைக்குத் துணைபோக நமக்கென்று ஒரு குழு வேண்டும். ஆனால் அதோடு நின்றுவிட்டால், அவர்கள் கட்டிய சுவருக்கு நாம் இந்தப் பக்கத்திலிருந்து பூச்சு வேலை செய்தவர்கள் ஆவோம். நம் குழுவுக்குள்ளும் கேள்வி உண்டு. நம் இயக்கக் கூட்டங்களில் பேசும் அண்ணன்கள் எத்தனை பேர், கம்பெனிக்குப் போகும் தங்கைகள் எத்தனை பேர்? துப்புரவு வேலைக்குப் போகும் அருந்ததியர் குடும்பங்களை நம் குழுவில் சேர்த்திருக்கிறோமா? சிலை திறப்புக்கும் பேனருக்கும் கூடும் நாம், ஒரு தொழிலாளியின் ஓ.டி. பிரச்சினைக்கு எத்தனை முறை தொழிலாளர் துறை அலுவலகப் படியேறினோம்? இந்தக் கேள்விகளை எங்களுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறோம்.

வில்லியனூர்த் தேரோட்டத்தில் பிரெஞ்சுக்காரர் காலத்தில் ஆளுநர் வடம் பிடித்தார். இன்றும் துணைநிலை ஆளுநர் வந்து வடம் பிடிக்கிறார். படம் எடுத்ததும் அவர் கை எடுத்துவிடுவார். தேரை நிலைக்குக் கொண்டுவந்து சேர்ப்பவர்கள் வேறு. கம்பெனியின் 'ஒரே குடும்பம்' போர்டும் அந்த முதல் வடம்தான். தொட்டு வைத்தது வரைக்கும் நல்லது. இழுக்க வேண்டியவர்கள் நாம்.

அந்தத் தங்கை இப்போது ஒரு நோட்டு வைத்திருக்கிறார். நாலு பேரும் சேர்ந்து, ஓ.டி. பட்டியலைப் பலகையில் ஒட்டச் சொல்லி ஒரு மனு எழுதியிருக்கிறார்கள். ஐந்தாவதாக ஒரு கையெழுத்து இருக்கிறது. அந்த இரண்டாவது குழுவில் இருக்கும் பெண்ணுடையது. அவருக்கும் மூன்று மாதமாக ஓ.டி. கிடைக்கவில்லையாம்.

ஜெய் பீம்.